சோலார் பம்பு நின்றுவிட்டதா? மோட்டாரைத் தூக்கும் முன் இதைப் பாருங்கள்

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கைத் தோட்டங்களுக்கு சோலார் பம்பு வேலைக்குப் போய்வருகிறவன் நான். போனை எடுத்ததும் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான்: "ஏனுங்க தம்பி, மோட்டார் போயிருச்சாட்ட இருக்குது. வண்டியை வரச்சொல்லித் தூக்கிரலாமுங்களா?" "வேண்டாமுங்க மாமா, நான் வந்து பார்க்கற வரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லி நிறுத்துவதே என் வேலையில் பாதி.

ஒரு தடவை நான் போய்ச் சேர்வதற்குள் தூக்கிவிட்டார்கள். 240 அடி, 12 பைப். வண்டி வாடகை, நாலு ஆள் கூலி, தூக்கும்போது போர் வாயில் உரசிக் கேபிளில் ஒரு கீறல் வேறு. மோட்டாரைச் சாக்கு விரித்துக் கிடத்தியிருந்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. பேனல் சட்டத்துக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஒரு கனெக்டர் மெழுகு மாதிரி உருகித் தொங்கியது. புதுசு நூறு ரூபாய்கூட வராது.

அதனால் கீழே சொல்வதெல்லாம் ஒரே வரிசைதான்: காசில்லாத காரணம் முதலில், போரிலிருந்து தூக்கும் வேலை கடைசியில். 5 எச்.பி. ஏ.சி. சப்மெர்சிபிள் மோட்டார், ஒரே வரிசையாக இணைத்த 15 பேனல் (ஒவ்வொன்றும் 330 வாட் வாக்கில்), ஒரு கண்ட்ரோலர் (பேனல் கரண்ட்டை வாங்கி மோட்டாரை ஓட்டும் பெட்டி), அதோடு சிம் போட்ட கண்காணிப்புப் பெட்டி. மானியத்தில் வந்த பம்புகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான் என்பதால் கணக்கெல்லாம் இதை வைத்தே சொல்கிறேன். உங்களுக்குப் பேனல் எண்ணிக்கை வேறு என்றால் வோல்ட் கணக்கை அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். இந்த 15 பேனலும் சேர்ந்தால் 600 வோல்ட்டுக்கு மேல், அதுவும் டி.சி. வெயில் இருக்கும் வரை பேனலை அணைக்க முடியாது. மெயினை இறக்கினாலும் பேனலிலிருந்து மெயின் வரைக்கும் வரும் கம்பியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும்.

மோட்டார் ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கவே கூடாது. டி.சி.யில் எழும் தீப்பொறி சட்டென்று அணையாது, கையைச் சுட்டுவிட்டுத்தான் ஓயும். எப்போதும் முதலில் கண்ட்ரோலரில் ஸ்டாப், அப்புறம் டி.சி. ஐசொலேட்டர் (பேனல் கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஆஃப், அப்புறம் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் அதுவரை கரண்ட் நிற்கும்.

உங்கள் பம்பை மொபைலில் ஆன் செய்யும் வசதி இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. நீங்கள் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது திருப்பூரில் இருக்கும் மகன் ஆப்பில் ஆன் செய்துவிடலாம். ஐசொலேட்டரை இறக்கிவிட்டால் அந்தப் பயமில்லை.

டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை இங்கே நம்பாதீர்கள். 1000 வோல்ட் டி.சி. தாங்கும் மல்டிமீட்டர் வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவு மீட்டரை 600 வோல்ட்டில் வைத்தால் கையிலேயே வெடிக்கலாம். அப்படி ஒரு மீட்டர் இல்லையென்றால், கண்ணால் பார்க்கும் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே பாதிக் குறை பிடிபட்டுவிடும்.

## குறி 1: கண்ட்ரோலர் திரையே எரியவில்லை

வெயில் நன்றாக ஏறிவிட்டதா? மழைக்கால மேகமூட்டத்தில் காலை ஏழு மணிக்குத் திரை எரியவில்லை என்று போன் வரும். ஒன்பதரை வரை பொறுத்துப் பாருங்கள்.

வெயில் இருந்தும் எரியவில்லை என்றால் ஐசொலேட்டர் கைப்பிடி ஆனில் இருக்கிறதா, எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆடு மேய்க்க வந்தவர், விளையாடும் பிள்ளைகள், யாராவது திருப்பியிருப்பார்கள். எம்.சி.பி. விழுந்திருந்தால் ஒரு தடவை ஏற்றிப் பார்க்கலாம். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது.

அடுத்து பேனல்களுக்கு அடியில் ஒரு நடை. குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். கருத்த கனெக்டர், உருகிய பிளாஸ்டிக், கழன்று தொங்கும் கம்பி, எலி கடித்த தோல். தரையோடு ஓடும் கம்பியை எலியும் அணிலும் விடுவதில்லை. களை வெட்டும் மெஷின் பட்டு அறுந்த கம்பியும் பார்த்திருக்கிறேன்.

கண்ணில் எதுவும் படவில்லையா? மீட்டர் இருப்பவர்கள் ஐசொலேட்டரின் பேனல் பக்க முனையில் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே வைத்துப் பாருங்கள். இனி நாலு வழி.

### 600-லிருந்து 680-க்குள் காட்டினால்

பேனல்கள் சரி. குளிர்ந்த காலையில் கூடுதலாகவும், பேனல் கொதிக்கும் மத்தியானத்தில் 600-ஐ ஒட்டியும் காட்டும். இப்போது ஐசொலேட்டரின் மறுமுனையில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ஐசொலேட்டரோ பியூஸோ போயிருக்கிறது. சில்லறைச் செலவுதான், ஆனால் டி.சி. பியூஸே போட வேண்டும். வீட்டுப் பியூஸ் கம்பியைச் சுற்றி வைத்து பெட்டியே எரிந்த இடத்துக்கு நான் போயிருக்கிறேன். இரண்டு முனையிலும் வோல்ட் இருந்தும் திரை எரியவில்லை என்றால் கண்ட்ரோலர் உள்ளே போயிருக்கிறது. அதற்குக் கம்பெனி ஆள் வர வேண்டும்.

### பூஜ்யம் காட்டினால்

வரிசையில் எங்கோ அறுந்திருக்கிறது. 15 பேனலும் ஒரே சங்கிலி, ஒரு கண்ணி விட்டாலும் மொத்தமும் போச்சு. எங்கே விட்டது என்று தேட வரிசையை நடுவில் பிரித்து, பாதி பாதியாக அளந்துகொண்டே போவோம். அதைத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். எர்த் கசிவு இருந்தால் பேனல் சட்டமே ஷாக் அடிக்கும்.

### 40 அல்லது 80 வோல்ட் குறைவாகக் காட்டினால்

ஒன்றிரண்டு பேனல் செத்திருக்கிறது. ஒரு பேனல் திறந்த நிலையில் 45 வோல்ட் வாக்கில் தரும், சரியான எண் பின்புற ஸ்டிக்கரில் இருக்கும். இவ்வளவு குறைந்தாலும் திரை எரிய வேண்டும். ஆகவே திரைக்கு வேறு காரணம் தேடுங்கள், பேனலையும் குறித்துவையுங்கள்.

### மீட்டரில் எண்ணுக்கு முன் மைனஸ் குறி வந்தால்

பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. மீட்டர் கம்பியைச் சரியான முனைகளில்தான் வைத்தீர்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பேனலைக் கழற்றி மாட்டிய அடுத்த நாள் வரும் கோளாறு இது. மாற்றிக் கொடுத்தபடி ஓட்ட முயலாதீர்கள்.

## குறி 2: திரை எரிகிறது, மோட்டார் ஓடவில்லை

திரையில் ஆங்கில எழுத்து ஏதாவது மின்னிக்கொண்டிருக்கும். ரீசெட் அடிப்பதற்கு முன் அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "என்னமோ எழுத்து வந்துச்சுங்க, நான் ஆஃப் பண்ணிட்டேன்" என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அவற்றின் அர்த்தம் கதவின் உள்பக்கமோ புத்தகத்திலோ இருக்கும். சுற்றிச் சுற்றி வருவது கீழே உள்ளவைதான்.

### ஒரு பிழையும் காட்டவில்லை, சும்மா நிற்கிறது

தொட்டி நிரம்பிவிட்டதா என்று போய்ப் பாருங்கள். சிரிக்காதீர்கள், இதற்காகவே 30 கிலோமீட்டர் வண்டி ஓட்டியிருக்கிறேன். தொட்டியில் மிதவை சென்சார் இருந்தால் அதன் கம்பி அறுந்தாலும், மிதவை பாசியில் மாட்டிக்கொண்டாலும், தொட்டி நிரம்பியதாகவே பெட்டி நினைக்கும். சிலவற்றில் ஒரே பேனலை வைத்து பம்பும் ஓட்டலாம், தீவன வெட்டியும் மாவு மில்லும் ஓட்டலாம். அந்த மாதிரிப் பெட்டியில் தேர்வு சுவிட்ச் தீவன வெட்டியில் நின்றுபோயிருக்கும். பம்புக்குத் திருப்பினால் முடிந்தது.

### வோல்ட் குறைவு என்கிறது

காலை, மாலை, மேகம் என்றால் இயல்பு. உச்சி வெயிலில் வந்தால் பேனல் பக்கம்தான் கோளாறு. ஸ்டார்ட் கொடுக்கும்போது திரையில் டி.சி. வோல்ட்டைக் கவனியுங்கள். 600-லிருந்து 500 வாக்கில் இறங்கி நின்றால் சரி. தடாலென்று 300-க்கு விழுந்து மோட்டார் நின்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது பேனலில் அழுக்கும் நிழலும் அதிகம். குறி 4-ஐப் பாருங்கள்.

### தண்ணீர் இல்லை, அதாவது ட்ரை ரன்

கோடையில் நிஜமாகவே தண்ணீர் இறங்கியிருக்கும். இரண்டு மணி நேரம் விட்டு ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிடம் தண்ணீர் வந்து மறுபடி நின்றால் போரில் ஊறும் அளவு அவ்வளவுதான். பெட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது. ட்ரை ரன் காவலை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பார்கள். நான் செய்வதில்லை. தண்ணீரில்லாமல் ஓடும் சப்மெர்சிபிள், புஷ் எரிந்து, வைண்டிங் எரிந்துதான் நிற்கும்.

போரில் தண்ணீர் நிறைய இருந்தும் ட்ரை ரன் வருகிறதா? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நீர்மட்டம் பார்க்கலாம், கேபிளில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் பெட்டி இல்லை என்கிறது என்றால், மோட்டார் சுமையில்லாமல் சும்மா சுற்றுகிறது என்று அர்த்தம். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங் தேய்ந்திருக்கலாம், ஷாஃப்ட் முறிந்திருக்கலாம். இதற்கு மோட்டாரை நிஜமாகவே தூக்க வேண்டியிருக்கும்.

### கரண்ட் அதிகம் இழுக்கிறது

ஒரு தடவை ரீசெட் செய்து பாருங்கள். மறுபடி வந்தால் இன்னொரு தடவை. அதற்கு மேல் வேண்டாம். ரெண்டு மாதம் ஓட்டாமல் போட்டுவைத்த போரில் மண் அடைத்து பம்பு இறுகிப்போயிருக்கும். சர்வீஸ் ஆள் வந்தால் மூன்று கம்பியில் இரண்டை மாற்றிக் கொடுத்து, கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் சுற்றவைத்து விடுவிக்கப் பார்ப்பார். பாதி நேரம் பலிக்கும்.

### ஒரு பேஸ் இல்லை அல்லது எர்த் கசிவு

மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிதான் இப்போது பார்க்க வேண்டியது. போர் வாயில் கேபிள் வளைந்து இறங்கும் இடத்தில் இரும்பு விளிம்பு பட்டுத் தோல் தேய்ந்திருக்கும். முதலில் அங்கே பாருங்கள். ஐசொலேட்டரை இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து, கண்ட்ரோலரிலிருந்து அந்த மூன்று கம்பியையும் கழற்றி, இரண்டிரண்டாக ஓம் அளக்க வேண்டும். மூன்று ஜோடியும் ஒரே அளவில் சில ஓம் காட்டினால் வைண்டிங்கிலும் கேபிளிலும் அறுபடவில்லை. ஒரு கம்பி சேரும் இரண்டு ஜோடியிலும் ஒன்றுமே காட்டவில்லை என்றால் அந்தக் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கீழே ஜாயின்ட் விட்டிருக்கிறது.

எர்த் கசிவை மல்டிமீட்டர் சொல்லாது. 500 வோல்ட் மெக்கர் (கசிவை அளக்கும் கருவி) வேண்டும். கேபிளோடு சேர்த்து 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் தூக்க வேண்டியதுதான். தூக்கியதும் நேரே ரீவைண்டிங் கடைக்குப் போகாதீர்கள். கேபிள் ஜாயின்ட்டை வெட்டிவிட்டு மோட்டாரைத் தனியாக மெக்கர் வைக்கச் சொல்லுங்கள். டேப் சுற்றிய ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கியது மட்டும்தான் குறை என்று பல தடவை முடிந்திருக்கிறது. நானே ரீவைண்டிங் கடையில் வேலை பழகியவன். வைண்டிங் நல்லாத்தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

## குறி 3: காலையில் ஓடுகிறது, மத்தியானம் நின்றுவிடுகிறது

நின்ற பிறகு தானாக எவ்வளவு நேரத்தில் மறுபடி ஓடுகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். அது ஒன்றே வழியைப் பிரித்துவிடும்.

### ஒரு நிமிடம், இரண்டு நிமிடம்

மேகம். மேலே பாருங்கள். ஆடி மாதக் காற்றில் துண்டுத் துண்டாக மேகம் ஓடும்போது நாள் முழுக்க இப்படித்தான் இருக்கும்.

### கால் மணி, அரை மணி

பெட்டி சூடாகிறது. கண்ட்ரோலரின் பின்புறம் அலுமினிய வரிகளும் ஒரு சின்ன ஃபேனும் இருக்கும். ஃபேன் சுற்றும் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள், காற்றை உள்ளங்கையில் உணருங்கள். போன சித்திரையில் ஒரு தோட்டத்தில் பெட்டியைத் திறந்தேன். அலுமினிய வரிகளுக்கு நடுவே குளவி ஈர மண்ணை வைத்து, அழகாக ஐந்து அறை கட்டிக் குடியிருந்தது. ஃபேன் இறக்கை மேல் முருங்கைப் பூவும் தூசியும் ஒரு விரல் கனம். பெயின்ட் பிரஷும் ஒரு குச்சியும்தான் அன்றைய சாமான். சுத்தம் செய்ததும் சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியது.

பெட்டி மேற்கு பார்த்து இருந்தால் மூணு மணி வெயில் நேராக அடிக்கும். மேலே ஒரு தகரம் சாய்த்துவிடுங்கள், பெட்டியை ஒட்டாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு. காற்று வரும் துளைகளைச் சாக்குப் போட்டு மூடாதீர்கள். பல்லி புகுந்து ஷார்ட் ஆகிவிடும் என்று பயந்து மூடுகிறார்கள். பயம் நியாயம்தான், போர்டில் ஒட்டிக் கருகிய பல்லிகளை நானும் சுரண்டி எடுத்திருக்கிறேன். ஆனால் அதற்குப் பொடிக்கண் கம்பி வலை போடுங்கள்.

### ஒரு மணி, இரண்டு மணி

போரில் தண்ணீர் ஊற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. குறி 2-இல் ட்ரை ரன் பகுதி.

## குறி 4: ஓடுகிறது, ஆனால் தண்ணீர் முன்னைப்போல இல்லை

அதிகம் வரும் புகாரும் இதுதான், அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். "முன்னைப்போல" என்றால் எவ்வளவு? 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, வெயில் தெளிவாக இருக்கும் பன்னிரண்டு மணிக்கு, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். பம்பு புதிதாக வந்த வாரமே இதை அளந்து பெட்டிக் கதவில் எழுதிவைத்தவர்களுக்கு என் வேலை பாதி மிச்சம்.

அதே நேரத்தில் திரையில் ஹெர்ட்ஸ் (மோட்டாரின் வேகத்தைக் காட்டும் எண்) எவ்வளவு என்று பாருங்கள். இங்கேயும் இரண்டாகப் பிரியும்.

### ஹெர்ட்ஸ் 40-க்குக் கீழே: குறை வெயில் பக்கம்

மோட்டார் மெதுவாகச் சுற்றுகிறது. ஆழமான போரில் ஒரு அளவுக்குக் கீழே போனால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தண்ணீர் மட்டும் மேலே வராது.

பேனல் அழுக்கு முதல் காரணம். எங்கள் பக்கம் மயில்தான் பெரிய தொல்லை. விடியற்காலை பேனலின் மேல் விளிம்பில் வரிசையாக உட்காரும், தினமும் அதே இடத்தில். கீழே வெள்ளை வெள்ளையாக வழிந்து காய்ந்து, மழைக்கும் போகாத கெட்டியாகிவிடும். அந்தக் கட்டம் மட்டும் வெயிலில் சூடேறி நாளடைவில் பழுப்பாகும். எல்லாம் ஒரே வரிசை என்பதால் ஒரு பேனலின் குறை மொத்தத்திலும் தெரியும். மயிலை விரட்டச் சட்டப்படி ரொம்ப யோசிக்க வேண்டும், அது வேறு கதை. மேல் விளிம்பில் ஒரு சாண் உயரத்தில் நைலான் நரம்பு இழுத்துக் கட்டினால் உட்காரத் தோதில்லாமல் போய்விடுகிறது. நிழல் விழாத அளவு மெல்லிசாக இருக்கட்டும்.

கழுவுவது விடிந்ததும் அல்லது பொழுது சாய்ந்ததும். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். மெத்தென்ற துணி போதும், சாம்பலோ நாரோ வேண்டாம். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வெள்ளைப் படலம் தங்கும், அது அழுக்கைவிட மோசம். பேனல் மேல் ஏறி நின்று கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். கண்ணாடி உடையாது, உள்ளே செல் உடையும், வெளியே தெரியாது.

அடுத்து நிழல். கவாத்து பண்ணிய முருங்கை ஆறே மாதத்தில் பேனலுக்கு மேலே போய்விடும். காலை ஒன்பது, மத்தியானம் பன்னிரண்டு, மாலை மூன்று, மூன்று நேரமும் போய்ப் பாருங்கள். ஒரு வேப்பங்கிளையின் நிழல் ஒரு பேனலில் விழுந்தாலும் டிரம் கணக்கில் தெரியும்.

கையால் திருப்பும் சட்டம் உள்ளவர்கள், காலையில் கிழக்கே திருப்பிவிட்டு அப்படியே மறந்துவிடுவது உண்டு. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பங்குனி, சித்திரையில் இவ்வளவு வெயில் அடித்தும் மார்கழியைவிடக் குறைவாக வருகிறதே என்றால், பேனல் சூடேறினால் அதன் சக்தி குறையும். 65 டிகிரி சூட்டில் ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதோடு நீர்மட்டமும் இறங்கியிருக்கும். ரிப்பேர் ஏதும் வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஹெர்ட்ஸ் ஏறவில்லை என்றால் ஒவ்வொரு பேனலாக அளக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

### ஹெர்ட்ஸ் 48, 50: குறை தண்ணீர் பக்கம்

சொட்டுநீர் ஃபில்டரைக் கழுவினீர்களா? ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் மீட்டர் இரண்டும் ரொம்ப வித்தியாசம் காட்டினால் அங்கேதான் அடைப்பு. ஃபில்டரை விட்டு நேராகத் திறந்துவிட்டு டிரம் கணக்கு மறுபடி பாருங்கள்.

அதிலும் குறைவு என்றால் மோட்டார் ஓடும்போது போர் வாயில் காதை வையுங்கள். உள்ளே அருவி விழுவது போலச் சத்தம் கேட்டால் பைப் ஓட்டை, அல்லது பைப் ஜாயின்ட் விட்டிருக்கிறது. ஓடும்போது ஒன்றும் கேட்கவில்லை, நிறுத்தியதும் தண்ணீர் கடகடவென்று கீழே இறங்குகிறது, மறுபடி ஸ்டார்ட் செய்தால் தண்ணீர் வர நேரமாகிறது என்றால் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீர் திரும்பிக் கீழே இறங்காமல் தடுப்பது) சரியாக அடைக்கவில்லை. இரண்டுக்கும் பைப்பைத் தூக்கத்தான் வேண்டும், ஆனால் மோட்டாருக்குச் செலவில்லை.

சமீபத்தில் யாராவது கேபிளைக் கழற்றி மாட்டினார்களா? அப்படியானால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் வரும், ஆனால் பாதிகூட வராது. மூன்றில் ஏதாவது இரண்டு கம்பியை மாற்றினால் சரி.

கடைசிக் காரணம் பம்பு தேய்மானம். மணல் வரும் போரில் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். டிரம்மின் அடியில் மணல் தங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

## குறி 5: ஆப்பில் ஒன்றும் தெரியவில்லை, மொபைலில் ஆன் ஆகவில்லை

முதலில் தோட்டத்துக்குப் போய்ப் பெட்டியிலேயே பட்டனை அழுத்துங்கள். பம்பு ஓடுகிறதா? ஓடினால் பாசனத்தைப் பாருங்கள், மற்றது அவசரமில்லை.

மானியப் பம்போடு வந்த கண்காணிப்புப் பெட்டியில் இருப்பது 13 இலக்க எண்ணுள்ள சிம். அது கம்பெனியுடையது, நாம் ரீசார்ஜ் செய்வதில்லை. அதைக் கழற்றி வேறு சிம் போட்டால் வேலை செய்யாது, உத்தரவாதத்துக்கும் வம்பு. ஆன்டெனா கம்பி கழன்றிருக்கிறதா, பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கிறதா, விளக்கு மினுக்குகிறதா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டு கம்பெனிக்குச் சொல்லுங்கள். ஒருநாள் சிக்னல் இல்லாமல் அடுத்த நாள் மொத்தமாகக் கணக்கு வந்து நின்றால் பயப்பட வேண்டாம், பெட்டி சேமித்து வைத்துப் பிறகு அனுப்புகிறது.

கரண்ட் மோட்டாரில் நாமே வாங்கி மாட்டிய மிஸ்டு கால் ஸ்டார்ட்டர் என்றால் சிம் நம்முடையது. மறந்துபோன ரீசார்ஜ்தான் முதல் காரணம், அதில் இன்கமிங்கும் நின்றுவிடும். பழைய ஸ்டார்ட்டர்கள் 2ஜி. அவற்றில் 4ஜி மட்டுமே தரும் கம்பெனி சிம்மைப் போட்டால் என்ன செய்தாலும் சிக்னல் எடுக்காது. போன் நம்பர் மாற்றியிருந்தால் புது நம்பரைப் பதிவு செய்தீர்களா என்றும் பாருங்கள்.

ஆப்பில் பச்சையாக "ஓடுகிறது" என்று காட்டும், வயலில் தண்ணீர் இருக்காது. அந்தப் பச்சை, உத்தரவு போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டும். ஆம்பியர், ஹெர்ட்ஸ் எண்களைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் ஓடவில்லை.

## குறி 6: மின்வாரிய லைனோடு சேர்ந்த சோலார், கரண்ட் போனதும் நிற்கிறது

மிச்ச மின்சாரத்தை லைனுக்கு அனுப்பும் வகையில் இது கோளாறே அல்ல. லைன் செத்தால் இன்வெர்ட்டரும் நிற்க வேண்டும், இல்லையென்றால் கம்பத்தில் ஏறிய லைன்மேன் செத்துப்போவார். மும்முனை இல்லாத நேரத்திலும் நிற்கும், மூன்று பேஸும் வந்ததும் தானாக ஓடும்.

கரண்ட் இருக்கும்போதே பட்டப்பகலில் நின்று நின்று ஓடினால் லைன் வோல்ட்டைப் பாருங்கள். சுற்றிலும் எந்த மோட்டாரும் ஓடாத நேரத்தில், 230 இருக்க வேண்டிய பேஸ் 255, 260 என்று ஏறும், இன்வெர்ட்டர் தாங்காமல் விலகிக்கொள்ளும். எத்தனை மணிக்கு எத்தனை வோல்ட் என்று ஒரு வாரம் எழுதி, பிரிவு அலுவலகத்தில் கொடுங்கள். டிரான்ஸ்பார்மரில் சரி செய்ய வேண்டியது அது, இன்வெர்ட்டரின் அளவுகளை நாமே உயர்த்திவைப்பது வேண்டாம்.

## குறி 7: பைப்பைத் தொட்டால், பேனல் சட்டத்தைத் தொட்டால் சுர்ரென்கிறது

சோதனை ஒன்றும் செய்யாதீர்கள். எல்லாரையும், மாட்டையும் தள்ளி நிறுத்துங்கள். ஐசொலேட்டர் கைப்பிடி பிளாஸ்டிக்தானே, காய்ந்த கையோடு செருப்புப் போட்டுக்கொண்டு இறக்க முடிந்தால் இறக்குங்கள், ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். ஆளைக் கூப்பிடுங்கள். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு இது வரும். பெட்டியில் உள்ள சர்ஜ் காப்பின் சின்ன ஜன்னல் பச்சையிலிருந்து சிவப்பாகியிருந்தால் இடி அதை வாங்கிக்கொண்டது என்று பொருள். அதை மாற்றாமல் ஓட்டினால் அடுத்த இடி கண்ட்ரோலருக்கு.

## போன் செய்வதற்கு முன்

மானியத்தில் வந்த பம்புக்கு 5 வருடம் கம்பெனியே பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக்குள் கண்ட்ரோலர் சீலை உடைக்காதீர்கள், வெளி ஆளை வைத்தும் உடைக்காதீர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கம்பெனியில் போன் எடுக்கவில்லை என்றால் வேளாண்மைப் பொறியியல் துறையின் உட்கோட்ட அலுவலகத்தில், உதவி செயற்பொறியாளரிடம் எழுதிக்கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன புகார் காற்றோடு போகும்.

யாருக்குப் போன் செய்தாலும் நாலு விஷயம் கையில் இருக்கட்டும்: திரையின் போட்டோ, கண்ட்ரோலரின் சீரியல் எண், எத்தனை மணிக்கு நின்றது, உச்சி வெயிலில் எத்தனை ஹெர்ட்ஸ். இது இருந்தால் என்ன சாமான் எடுத்துவர வேண்டும் என்று வரும் ஆளுக்குத் தெரியும், இரண்டு நடை ஒரு நடையாகும்.

எல்லாம் பார்த்தும் மோட்டாரைத் தூக்கியே ஆக வேண்டும் என்று முடிவானால், தூக்கும்போதே பைப்பை எண்ணுங்கள். எத்தனை பைப், எத்தனை அடி, கேபிள் ஜாயின்ட் எத்தனையாவது பைப்பில், தேதி. பெட்டிக் கதவின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். பேனாவில் எழுதினால் ரெண்டு சித்திரைக்குள் வெளுத்துவிடும்.